சிரட்டைக் கரி கிணற்று நீரில் எதைப் பிடிக்கும், எதை விடும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய வீடு கடலுக்கு அரைக் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. முற்றத்துக் கிணற்று நீர் ஆடி ஆவணியில் உவர்க்கிறது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிறது. பைப் தண்ணீரும் வருகிறது, ஆனால் அதில் குளோரீன் மணம் தாங்க முடியவில்லை. கடைக்காரர் ஒருவர் 'அக்டிவேட்டட் காபன்' பில்டர் ஒன்றைக் காட்டி, இரண்டு தண்ணீருக்கும் இது ஒன்றே போதும் என்கிறார். வீட்டின் பின்னால் தேங்காய்ச் சிரட்டை குவிந்து கிடப்பதால் அதைச் சுட்டு நாமே செய்துகொள்ளலாமா, வயலுக்கு அடிக்கும் மருந்தையும் அது பிடிக்குமா, ஒருமுறை போட்ட கரி எத்தனை காலத்துக்கு வேலை செய்யும் என்பன அவருடைய மற்றக் கேள்விகள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளோரீன் மணத்துக்குக் கரியைப் போல எளிய மருந்து வேறில்லை. உவருக்கும் கேத்தலின் வெள்ளைப் படைக்கும் அது எதுவுமே செய்யாது. வீட்டில் சுட்ட சிரட்டைக் கரி, கடையில் விற்கும் கரிக்கு ஈடாகாது. வயல் மருந்தைப் பற்றிய பதில் மருந்தையும் நீர் கரிக்குள் நிற்கும் நேரத்தையும் பொறுத்தது. ஏன் என்று அறிய விரும்புகிறவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம். உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பித்த காலத்தில் இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்கும். இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கரி நீரைச் சுத்தமாக்குவதை அரிப்பு வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மா அரிக்கும் அரிதட்டில் கட்டி நிற்பதைப் போல அழுக்கு கரியில் நின்றுவிடுகிறது என்பது அவர்கள் எண்ணம். கலங்கலையும் மண்ணையும் பொறுத்தவரை அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்த வேலையை மணல் இதைவிட நன்றாகவும் மலிவாகவும் செய்யும். கரியின் தனித் திறமை, நீரில் முற்றாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதைப் பிடிப்பதாகும். இதைப் பாடப்புத்தகம் புறத்துறிஞ்சல் என்கிறது. பஞ்சு தண்ணீரைக் குடிப்பது உறிஞ்சல். அங்கே தண்ணீர் பஞ்சின் உள்ளே போய் நிரம்புகிறது. கல்லடிக் கடற்கரையில் நடந்துவிட்டு வந்தால் ஈரக் காலில் மணல் ஒட்டியிருக்கிறதே, அதைப் போன்றது புறத்துறிஞ்சல்; மணல் காலுக்குள் போவதில்லை, தோலின் மேல் ஒட்டி நிற்கிறது. ஆகவே எவ்வளவு ஒட்டும் என்பது எவ்வளவு மேற்பரப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அந்த மேற்பரப்பின் அளவுதான் இந்தப் பொருளின் அதிசயம். நல்ல செயலூட்டிய கரியில், அதாவது கடைக்காரர் சொல்லும் 'அக்டிவேட்டட் காபனில்', ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர் மேற்பரப்பு உண்டு. ஓர் ஏக்கர் என்பது 4,000 சதுர மீற்றரைச் சற்றுத் தாண்டும். அப்படியானால் நாலு கிராம் கரிக்குள், அதாவது இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவான கரிக்குள், ஓர் ஏக்கர் வயல் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு பரப்பும் கரிமணியின் வெளிப்புறத்தில் இல்லை, உள்ளே ஓடும் நுண்துளைகளின் சுவர்களில் இருக்கிறது. அந்தத் துளைகளில் 2 நனோமீற்றருக்குக் குறைவானவற்றை நுண்ணியவை என்றும், 2 முதல் 50 வரையானவற்றை இடைத்தரமானவை என்றும், அதற்கு மேற்பட்டவற்றைப் பெரியவை என்றும் வகுத்திருக்கிறார்கள். சிரட்டையிலிருந்து செய்த கரியில் நுண்ணிய துளைகள்தான் மிக அதிகம். மரத்திலிருந்து செய்ததில் பெரிய துளைகள் கூடுதல். நிலக்கரியிலிருந்து செய்தது இரண்டுக்கும் இடையில் நிற்கும். இந்த வேறுபாடு வியாபாரிகளின் பேச்சு மட்டுமல்ல. சிறிய மூலக்கூறுகளைப் பிடிக்கச் சிரட்டைக் கரி சிறந்தது. பெரிய நிற மூலக்கூறுகளை அகற்ற வேண்டிய இடத்தில் மரக் கரிக்குத்தான் மதிப்பு.

துளைகள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் 'நாமே செய்யலாமா' என்ற கேள்விக்கான விடை இருக்கிறது. காற்றை அடக்கி, 400 முதல் 600 பாகை செல்சியசு வரையான வெப்பத்தில் சிரட்டையைச் சுட்டால் அதிலுள்ள நீரும் எரியக்கூடிய ஆவிகளும் தாரும் வெளியேறிக் கரி மிஞ்சுகிறது. சிரட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கரியாகத் தேறினால் நல்ல சூளை. நம்முடைய வீடுகளில் இஸ்திரிப்பெட்டிக்குப் போட்டதும், தட்டார் பட்டறையில் ஊதுகுழலோடு எரிந்ததும் இந்தக் கரிதான். இதிலும் துளைகள் உண்டு. ஆனால் அவை குறைவு, இருப்பவற்றிலும் பலவற்றைத் தார் அடைத்துக்கொண்டிருக்கும். அடுத்த கட்டமாக, தொழிற்சாலையில் அந்தக் கரியை 800 முதல் 1,000 பாகை வரையான சூட்டில் வைத்து அதன் ஊடாக நீராவியைச் செலுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் நீராவி காபனோடு தாக்கமுற்றுக் காபனோரொட்சைட்டாகவும் ஐதரசனாகவும் வெளியேறுகிறது. அதாவது நீராவி கரியைத் துளி துளியாகத் தின்கிறது. தின்ற இடமெல்லாம் துளையாகிறது. செயலூட்டல் என்பது இதுதான். கரியின் பெரும் பகுதி இப்படி வாயுவாகப் போய்விடுவதால்தான் செயலூட்டிய கரி சாதாரணக் கரியை விட அவ்வளவு விலை. பொசுபோரிக்கமிலம் போன்றவற்றில் ஊறவைத்துக் குறைந்த சூட்டில் சுடும் முறையும் உண்டு. மரத்தூளை மூலப்பொருளாகக் கொள்ளும் ஆலைகளில் அது வழக்கம்.

தேசிக்காய்ச் சாற்றில் ஒரு நாள் ஊறவைத்து அடுப்பில் வறுத்தால் கரி செயலூட்டப்பட்டுவிடும் என்று காணொளிகள் சுற்றுகின்றன. தேசிக்காய்ப் புளி கரியிலுள்ள சாம்பலைக் கழுவும். ஏக்கர் கணக்கில் மேற்பரப்பை உண்டாக்காது. குசினி அடுப்பு அந்தச் சூட்டை எட்டுவதுமில்லை. எட்ட வைக்கலாம் என்று மூடிய அறைக்குள் கரி சுடப் புறப்படுகிறவர்கள், வெளியேறும் காபனோரொட்சைட்டு மணமில்லாத நஞ்சு என்பதை மறக்கக் கூடாது.

வகுப்பில் செய்து காட்டிய ஒன்றை இங்கே சொல்கிறேன். விரும்பினால் நீங்களும் செய்து பார்க்கலாம். அலங்கார மீன் கடையில் மீனுக்கு மருந்தாக விற்கும் மெதிலீன் நீலத்தில் ஒரு துளியை ஒரு போத்தல் தண்ணீரில் விட்டு, அதை மூன்று கண்ணாடிக் கிளாசுகளில் சமமாக ஊற்றுங்கள். முதல் கிளாசை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் அடுப்புச் சிரட்டைக் கரியை இடித்துத் தூளாக்கி இரண்டு தேக்கரண்டி போடுங்கள். மூன்றாவதில் அதே அளவு செயலூட்டிய கரியைத் தூளாக்கிப் போடுங்கள். போட்டவுடனே மூன்றாவது கிளாசில் சோடா திறந்ததைப் போல நுண்குமிழிகள் பொரிந்து எழும். துளைகளுக்குள் இருந்த காற்றை நீர் வெளியே தள்ளுகிறது. அரை மணி நேரம் கலக்கிவிட்டுப் பிறகு தெளியவிடுங்கள். எங்கள் வகுப்பில் மூன்றாவது கிளாஸ் கிணற்று நீரைப் போல நிறமற்றுப் போனது, இரண்டாவது வெளிறிய நீலத்தில் நின்றது. ஒரு தடவை மாணவி ஒருத்தி, 'சேர், உப்பும் போட்டுப் பார்ப்பமா?' என்று கேட்டாள். நீலமும் உப்பும் கலந்த நீரில் செய்தோம். நீலம் போனது. கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீற்றரைக் கரி போடுவதற்கு முன்னும் பின்னும் நீரில் வைத்துப் பார்த்தோம், உப்பின் அளவு இறங்கவேயில்லை. அன்றைய பாடம் அதோடு முடிந்தது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காரணம் இதுதான். கரியின் மேற்பரப்பு மின்னேற்றம் அற்றது, எண்ணெய்த் தன்மையை ஒத்தது. நீரோடு உறவு குறைந்த மூலக்கூறுகள், அதாவது சாயம், மணப்பொருள், எண்ணெய், கரைப்பான், பல பூச்சிநாசினிகள் போன்ற சேதனப் பொருள்கள், வாய்ப்புக் கிடைத்தவுடன் நீரை விட்டுக் கரியைப் போய் ஒட்டுகின்றன. உப்பு நீரில் கரைந்ததும் மின்னேற்றமுள்ள சோடியம் அயனாகவும் குளோரைட்டு அயனாகவும் பிரிந்து, ஒவ்வோர் அயனையும் நீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடியை விட்டுவிட்டுக் கரிக்குப் போக அவற்றுக்கு எந்தத் தேவையும் இல்லை. நீர் எவ்வளவு விரும்புகிறதோ, கரி அவ்வளவு கைவிடும் என்று வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

எனவே உங்கள் கிணற்று உவருக்குக் கரி மருந்தல்ல. எங்களுடைய கரையோரத்தில் குடிக்கும் நீர் என்பது மணலுக்குள் உவர் நீரின் மேல் மிதக்கும் மழை நீர்ப் படலம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடியிலிருந்து கல்முனை, காரைதீவு வரைக்கும் கிணறுகளை உப்பாக்கியபோது, நல்ல நோக்கத்தோடு இயந்திரம் வைத்து இறைத்த இடங்களில் கீழே கிடந்த உவர் நீர் மேலேறி நிலைமை இன்னும் மோசமானதும் உண்டு. அந்த மணலைக் கழுவியது மாரி மழை. இன்றும் கோடையில் கிணறு உவர்ப்பதற்குப் பெருங்காரணம், மோட்டர் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைப்பதுதான். குறைவாக, ஆறுதலாக இறைப்பது எந்தப் பில்டரையும் விடப் பயன் தரும். உப்பை நீரிலிருந்து பிரித்துத்தான் ஆக வேண்டுமென்றால், நீரை மென்சவ்வு ஒன்றின் ஊடாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வேண்டும். வீட்டுக்கான இயந்திரங்கள் ஒரு லீற்றர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாகத் தள்ளும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கடைக்காரரின் பேச்சில் குழப்பம் வந்தது இங்கேயாக இருக்கலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் முன்பக்கத்தில் தொங்கும் குழாய்களில் ஒன்றுக்குள் கரிதான் இருக்கிறது. அது உப்பை எடுப்பதற்காக வைக்கப்பட்டதல்ல. பின்னாலுள்ள மென்சவ்வைக் குளோரீன் அரித்துவிடாமல் காப்பதற்காக வைக்கப்பட்டது. அந்தக் குழாயை மட்டும் தனியே விற்றுவிட்டு முழு இயந்திரத்தின் பெருமையையும் அதற்குச் சூட்டினால், வாங்குகிறவர் ஏமாறுவார்.

கேத்தலின் வெள்ளைப் படை கல்சியத்தாலும் மகனீசியத்தாலும் வருவது. அவையும் அயன்கள், அவையும் கரியைக் கடந்து போய்விடும். நைத்திரேற்றும் அப்படித்தான், ஆனால் அதை நான் வெள்ளைப் படையோடு ஒன்றாக வைக்கமாட்டேன். கிணறும் மலக்குழியும் ஒரே வளவுக்குள் நெருங்கியிருக்கும் காத்தான்குடி, மருதமுனை போன்ற சன நெருக்கமான மணற்பாங்கான ஊர்களிலும், பசளை கூடுதலாக இடும் மரக்கறித் தோட்டங்களின் ஓரத்திலும் இது யோசிக்க வேண்டிய விடயம். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, குடித்தால் சுவையும் தெரியாது. இலங்கைத் தரநிலை லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி நைத்திரேற்றின் செறிவு கூடுமே தவிரக் குறையாது. கரிப் பில்டர் பூட்டியிருக்கிறோம் என்ற நிம்மதியில் இதைச் சோதிக்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது.

அம்பாறையின் உட்பகுதியைப் போன்ற வறண்ட வலய ஊர்களில் சில கிணறுகளில் புளோரைட்டு கூடுதலாக இருக்கிறது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புப் படிவு அதன் அடையாளம். சாதாரண செயலூட்டிய கரி அதையும் பிடிப்பதில்லை. எலும்பைச் சுட்ட கரி பிடிக்கும். ஆனால் பிடிப்பது அதிலுள்ள காபனல்ல, எலும்பின் கல்சியம் பொசுபேற்று. இரும்புள்ள நீர் வேறொரு தொல்லை. இறைக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் வைத்துச் சற்று நேரத்தில் செம்மஞ்சளாக மாறும் நீரை நேரே கரிக்குள் விட்டால், துரு கரிமணிகளைப் போர்த்து மூடிவிடும். அதை முதலில் காற்றுப்பட ஊற்றி, மணலில் வடித்து, பிறகுதான் கரிக்குக் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் தேற்றாங்கொட்டையை ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. உங்கள் ஊருக்கு அயலிலேயே பேரில் தேற்றாவைச் சுமக்கும் தேற்றாத்தீவு இருக்கிறது. குடத்தின் உட்புறத்தில் அந்தக் கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தது நம் முன்னோரின் வழக்கம். அது கரியின் வேலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: கொட்டையிலிருந்து கரையும் பொருள் மிதக்கும் மண் துகள்களைத் திரளாக்கி அடியில் உட்கார வைக்கிறது, கரைந்திருப்பதை அது தொடுவதில்லை. கரி, கரைந்ததைத் தொடும், கலங்கலில் தன்னையே அடைத்துக்கொள்ளும். ஆகவே தெளிய வைத்த நீரைத்தான் கரிக்குக் கொடுக்க வேண்டும்.

இனி பைப் தண்ணீருக்கு வருவோம். குளோரீனைக் கரி ஒட்டிப் பிடிக்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் அங்கே நடப்பது இரசாயனத் தாக்கம். குளோரீன் காபனின் மேற்பரப்பை ஒட்சியேற்றிவிட்டுத் தான் தீங்கற்ற குளோரைட்டாக மாறிவிடுகிறது. இது மிக விரைவாக நடப்பதால் சிறிய பில்டரிலும் மணம் போய்விடுகிறது. குளத்து நீரை மூலமாகக் கொண்ட வழங்கல்களில் வெயில் காலத்தில் வரும் மண் மணத்துக்கும் கரி நல்லது. நீலப்பச்சைப் பற்றீரியா போன்ற நுண்ணுயிர்களில் உண்டாகும் ஜியோஸ்மின் என்ற பொருள் அந்த மணத்தைத் தருகிறது. ஒரு லீற்றரில் 10 நனோகிராம் அளவு இருந்தாலே பலருடைய மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். புதுமழை பெய்தவுடன் நிலத்திலிருந்து எழுவதும் அதே மணம்தான். மட்டக்களப்புக்கு உன்னிச்சைக் குளத்திலிருந்தும் அம்பாறைக்குக் கொண்டவட்டவான் குளத்திலிருந்தும் நீர் எடுக்கப்படுவதால் நம்முடைய மூக்குகளுக்கு அது புதிதல்ல. உலகெங்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் இத்தகைய காலத்தில் செயலூட்டிய கரித் தூளை நீரில் நேரடியாகக் கலந்து, பிறகு படிய வைத்து அகற்றுகின்றன.

ஆனால் குளோரீனை எடுப்பதற்கு ஒரு விலை உண்டு. நீரில் அது வேண்டாத விருந்தாளியல்ல. குழாய் வழியே கிருமி வளராமல் காவல் நிற்பது அதுதான். பில்டரைக் கடந்த நீருக்குக் காவல் இல்லை. மேலும், ஈரமான கரி, அதில் ஒட்டிய சேதன உணவு, இருட்டு, நமது ஊரின் சூடு ஆகிய எல்லாம் கூடினால் பற்றீரியாவுக்கு அதைவிட நல்ல குடியிருப்பு கிடையாது. கரி கிருமியைக் கொல்வதில்லை. வெள்ளி சேர்த்த கரி என்று விற்பதும் கரிக்குள் கிருமி பெருகுவதைக் கொஞ்சம் அடக்குமே தவிர, வரும் நீரைத் தொற்று நீக்காது. ஆகவே கிணற்று நீரைக் கரியில் வடித்து அப்படியே குடிக்காதீர்கள். வடித்த பிறகு கொதிக்க வையுங்கள். பைப் நீராக இருந்தாலும் வடித்ததை அன்றன்றே பயன்படுத்துங்கள். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால் முதல் சில லீற்றர்களைப் பூமரத்துக்கு ஊற்றிவிடுங்கள்.

வயல் மருந்துக்கு வருகிறேன். பெரும்போகத்தில் வாய்க்கால் நீரும் வயலோரக் கிணற்று நீரும் நமக்குக் கவலை தருவது நியாயமே. பல பூச்சிநாசினிகள் நீரோடு உறவு குறைந்த சேதனப் பொருள்கள் என்பதால் கரியில் நன்றாக ஒட்டும். களைநாசினியான கிளைபொசேற்று அதற்கு விலக்கு. அது நீரில் மிகவும் கரையும், அயனாக நிற்கும், கரியை மதிக்காது. 'மருந்து' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அழைப்பதால் இந்த வேறுபாடு மறைந்து போகிறது.

ஒட்டக்கூடிய மருந்துக்கும் நேரம் தேவை. மூலக்கூறு கரிமணியின் வெளிப்பக்கத்தை அடைந்து, பெரிய துளை வழியே நுழைந்து, நுண்துளைக்குள் நகர்ந்து இடம் பிடிக்க வேண்டும். அதனால் சுத்திகரிப்பு நிலையங்களில் நீர் கரிப் படுக்கைக்குள் 10 நிமிடமளவில் நிற்கும்படி கட்டுகிறார்கள். வீட்டுப் பைப்பில் பூட்டும் குழாய்க்குள் அரை லீற்றர் கரி இருக்கிறது, நீர் நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், கரிக்குள் நீருக்குக் கிடைப்பது 15 வினாடிதான். குளோரீனுக்கு அது போதும். வயல் மருந்துக்குப் போதும் என்று நான் கையெழுத்திடமாட்டேன். மாறாக ஒரு லீற்றர் கரியை நீளமான ஒடுங்கிய குழாயில் நிரப்பி, மணிக்கு 6 லீற்றர் மட்டும் சொட்டும்படி விட்டால் 10 நிமிடம் கிடைத்துவிடும். பில்டர் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி உள்ளே எவ்வளவு கரி, எவ்வளவு வேகம் என்பதுதான். வெளிப்புறப் பிளாத்திக்கின் பளபளப்பு அதற்குப் பிறகு.

எத்தனை காலம் என்ற கேள்விக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாததற்கும் இதுவே காரணம். கரியின் சுவர்களில் இடம் நிரம்பிவிட்டால் அது நின்றுபோய்விடுவதில்லை, நீர் வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும். மணல் வடிகட்டி அடைத்தால் ஓட்டம் குறைந்து நமக்குச் சொல்லிவிடும். கரி நிரம்பினால் சொல்லாது. மோசமான நிலையில், உறுதியாக ஒட்டும் புதிய பொருள் வந்து, முன்பு தளர்வாக ஒட்டியிருந்ததைத் தள்ளிவிட, வரும் நீரில் இருந்ததை விட வெளியேறும் நீரில் அது கூடுதலாக இருப்பதும் நடக்கும். குளோரீன் மணம் மீண்டும் தெரியத் தொடங்குவது ஓர் அடையாளம். ஆனால் மணமில்லாத பொருள்களைப் பொறுத்தவரை, அந்த அடையாளம் தெரியும் முன்பே கரி காலாவதியாகியிருக்கலாம். எனவே உற்பத்தியாளர் குறித்த லீற்றர் கணக்கையும் மாதக் கணக்கையும், இரண்டில் எது முந்துகிறதோ அதை, மதித்து மாற்றுங்கள். மாற்றிய திகதியைக் குழாயின் மேலேயே எழுதி வைப்பது என் பழக்கம். பழைய கரியை வெயிலில் காய வைத்தாலோ வெந்நீரில் அவித்தாலோ புதிதாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. ஒட்டியிருப்பதைக் கழற்ற மறுபடி 800 பாகையளவு சூடு வேண்டும்.

கரியின் தரத்தை அறிய வியாபாரத்தில் அயடீன் எண் என்ற ஓர் அளவு உண்டு: ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயடீனைப் பிடிக்கிறது என்பது. குடிநீருக்கான நல்ல சிரட்டைக் கரியில் அது 900க்கு மேல், 1,000 அளவில் இருக்கும். பொதியில் அந்த எண் இல்லாவிட்டால் கேளுங்கள். புதுக் கரியை வாங்கியதும் கரும்பொடி போகும் மட்டும் கழுவி, ஒரு நாள் முழுதும் நீரில் ஊற வையுங்கள். ஊறாத கரிக்குள் காற்று அடைபட்டு நிற்கும், நீர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பெரிய தாங்கிகளில் கரி நிரப்பி வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: ஈரமான கரி மூடிய இடத்தின் காற்றிலுள்ள ஒட்சிசனையே இழுத்துக்கொள்ளும். அத்தகைய தாங்கிக்குள் யோசியாமல் இறங்கி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு.

நஞ்சு குடித்தால் கரி கொடுப்பார்களாமே என்று இதே கேள்வியின் கடைசி வரியில் கேட்டிருந்தார். கொடுப்பார்கள், வைத்தியசாலையில். வயிற்றிலுள்ள நஞ்சு குடலில் இறங்குவதற்குள், பொதுவாக முதல் ஒரு மணி நேரத்துக்குள், வளர்ந்தவருக்கு 50 கிராம் அளவில் நீரில் கரைத்துக் கொடுத்தால் பல நஞ்சுகளை அது கட்டிப்போடும். அதுவும் எல்லாவற்றையும் அல்ல: மதுசாரம், இரும்பு மாத்திரை, அமிலம், காரம் ஆகியவற்றுக்கு உதவாது. பிள்ளைகள் தவறுதலாகக் குடித்துவிடும் மண்ணெண்ணெய்க்கும் கொடுப்பதில்லை, வாந்தி வந்து நுரையீரலுக்குப் போனால் ஆபத்து இரட்டிப்பாகும். இலங்கையின் 3 வைத்தியசாலைகளில் 4,632 நோயாளரை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதில் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தும் மரணங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே வீட்டில் கரியை இடித்துக் கரைத்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வீண். ஆளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே வேலை. உடல் நஞ்சை நீக்கும் என்று கரி மாத்திரை விழுங்குகிறவர்களுக்கும் ஒரு சொல்: அதோடு நீங்கள் எடுக்கும் இருதய மாத்திரையையும் கரி பிடித்துக்கொள்ளும்.

சிரட்டைக் கரியின் மற்றப் பயன்களில் இரண்டை மட்டும் தொட்டுச் செல்கிறேன். முதலாம் உலகப் போரில் நச்சு வாயு முகமூடிகளுக்காகச் சிரட்டையையும் பழக்கொட்டைகளையும் அமெரிக்காவில் பொதுமக்களிடமிருந்து சேகரித்தார்கள். சிரட்டையின் நுண்துளைகள் வாயுவைப் பிடிப்பதில் சிறந்தவை என்பது அப்போது நிலைநாட்டப்பட்டது. இன்றும் மருந்து அடிக்கும்போது மூக்கை மறைக்கும் துணியும் தூசு முகமூடியும் ஆவியைத் தடுக்காது. கரி நிரப்பிய உருளை பூட்டிய முகமூடிதான் தடுக்கும். மற்றது தங்கம். சயனைட்டில் கரைத்த தங்கத்தைச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கச் சுரங்கங்கள் சிரட்டைக் கரியையே நாடுகின்றன, ஏனென்றால் அது உரசலில் எளிதில் பொடியாவதில்லை. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் கரியில் ஒரு பகுதி அந்தச் சுரங்கங்களுக்குத்தான் போகிறது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். முதலில் பில்டர் வாங்காதீர்கள், கிணற்று நீரைச் சோதியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் மாதிரி எடுக்கும் முறையையும் எங்கே கொடுப்பது என்பதையும் சொல்வார். மொத்த உப்பு, கடினத்தன்மை, நைத்திரேற்று, இரும்பு, மலக்கிருமி ஆகிய ஐந்தையும் கேளுங்கள். பைப் நீர் வருவதால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு சிறிய கரிப் பில்டர் பூட்டினால் போதும். அதுவும் மணம் பிடிக்காவிட்டால்தான். வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுதும் வைத்தாலும் குளோரீன் பெரும்பாலும் போய்விடும், காசு செலவில்லை. கிணற்று நீரைக் குளிக்கவும் கழுவவும் எடுங்கள். கேத்தலின் வெள்ளைப் படையைக் கொஞ்சம் வினாகிரி ஊற்றி ஊறவைத்துக் கழுவலாம். பின்னால் குவிந்து கிடக்கும் சிரட்டையை மழையில் ஊறி இத்துப்போக விடாமல் காய வைத்துக் கரி வியாபாரியிடம் விற்றுவிடுங்கள். அவரிடமிருந்து அது ஆலைக்குப் போகும். பைப் நீர்ப் பில்டரில் தேய்ந்த கரியைத் தென்னையடியில் கொட்டலாம், மணல் நிலத்தில் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும்.